ஹெரால்டுக்கு வந்த நான்கு கதவு

கேள்வி: இப்போது வருகிற கார்கள் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன. முகப்பை மட்டும் மாற்றிவிட்டுப் ‘புத்தம் புது டிசைன்’ என்கிறார்கள். அந்தக் காலத்துக் கார்களில் இருந்த ஒரிஜினாலிட்டி எங்கே போயிற்று?
– ஒரு வாசகர், நங்கநல்லூர்

பதில்: எந்தக் காலம் என்று நீங்கள் சொல்லவில்லை. 1959 என்று வைத்துக்கொள்வோம். அந்த வருஷம் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற காடிலாக் காரின் பின்பக்கத்தில் பெரிய துடுப்புகள் நிமிர்ந்து நின்றன. கார் ஓடுவதற்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. போன வருஷக் காரைப் பழசாகக் காட்டும் வேலையை அந்தக் கம்பெனி 1920களிலேயே ஆரம்பித்துவிட்டது. அதற்கென்றே 1927இல் ஹார்லி எர்ல் என்ற வடிவமைப்பாளர் தலைமையில் தனிப் பிரிவும் வைத்தது. ஆகவே முகப்பு மாற்றும் வித்தை இன்று வந்ததில்லை.

அதே 1959இல் இங்கிலாந்தில் மினி என்ற கார் வந்தது. அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே வைத்து, பத்தடி நீளத்துக்குள் நாலு பேரை உட்கார வைத்தார். இன்று உங்கள் தெருவில் நிற்கும் சின்னக் கார்கள் பெரும்பாலும் எஞ்சினைக் குறுக்கே வைத்தவைதான். ஒரிஜினாலிட்டி என்று நான் சொல்வது இதை. மனிதர்கள் எங்கே, எஞ்சின் எங்கே, கதவு எங்கே என்று முதலிலிருந்து யோசிப்பது.

கார்கள் ஒன்றுபோல் தெரிவதில் எனக்குப் பெரிய குறை இல்லை. காற்றின் எதிர்ப்பு எல்லோருக்கும் ஒன்று, பாதுகாப்பு விதிகளும் ஒன்று. நம் ஊரில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஞ்சின் கார்களுக்கு வரிச் சலுகை வேறு. அதற்காகவே டிக்கியை நறுக்கிய கார்கள் வந்தன.

வெளிநாட்டை விடுங்கள், நம் வண்டலூர்ப் பக்கம் வாருங்கள். அங்கிருந்த ஸ்டாண்டர்டு கம்பெனி, இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த ஹெரால்டு காரை 1961 முதல் தயாரித்தது. இங்கிலாந்தில் அந்தக் காருக்கு இரண்டே கதவு. முன்சீட்டை மடக்கினால்தான் பின்னால் ஏற முடியும். புடவை கட்டியவரும் வயதானவரும் என்ன பாடு பட்டிருப்பார்கள்! சென்னைக்காரர்கள் அதற்கு நான்கு கதவு வைத்தார்கள். அடியில் தனியாக இருந்த இரும்புச் சட்டகத்தின் மேல் துண்டு துண்டாகப் பொருத்தும் உடல் என்பதால் அப்படி மாற்ற வழி இருந்தது. இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு வந்ததே இல்லை. முகத்தில் பெரிதாக எதுவும் செய்யாமல், ஏறி உட்காரப் போகிறவரை நினைத்துச் செய்த அந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதே கம்பெனி 1985இல் ஸ்டாண்டர்டு 2000 கொண்டுவந்தது. ஐரோப்பாவில் பரிசு வாங்கிய பிரிட்டிஷ் கார் ரோவர் எஸ்டி1இன் உடல், பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. உள்ளே இருந்ததோ பழைய வான்கார்டு காரின் வழி வந்த எஞ்சின். அந்த உடலின் எடைக்கு அது ஈடு கொடுக்கவில்லை. சில வருஷங்களிலேயே தயாரிப்பு நின்றுபோயிற்று. எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இப்போதைய கார்களில் எனக்குக் கோபம் வருவது பின்சீட்டைப் பார்க்கும்போது. கூரை பின்னோக்கிச் சரிகிறது, ஜன்னலின் கீழ்விளிம்பு மேலே ஏறுகிறது. நடுவில் மிஞ்சும் கண்ணாடி வழியாகக் குழந்தைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. சில கார்களில் பின்கதவின் கைப்பிடியை ஜன்னலை ஒட்டிக் கறுப்பு பிளாஸ்டிக்கில் மறைத்துவிடுகிறார்கள், இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் போலத் தெரியவேண்டுமாம். சின்னப் பிள்ளைக்கு அது எட்டாது. பெரியவர்கள் எங்கே பிடித்து இழுப்பது என்று தடவிப் பார்க்கிறார்கள். ஹெரால்டுக்குக் கஷ்டப்பட்டு வைத்த கதவை இவர்கள் ஒளித்து வைக்கிறார்கள்.

அடுத்த முறை ஷோரூமுக்குப் போகும்போது வீட்டுப் பெரியவரையும் கூட்டிப் போங்கள். முகப்பு விளக்கைப் பற்றி விற்பனையாளர் சொல்வதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். முதலில் பெரியவர் பின்சீட்டில் ஏறி, உட்கார்ந்து, இறங்கட்டும்.