ப்ராக்ஸியில் லாக்கின்: சுங்கை சிப்புட் நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

டியூஷன் நிலையம் நடத்தும் ஆசிரியை: அண்ணா, பிள்ளைகளுக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் ப்ராக்ஸி மென்பொருளான ஸ்க்விட்டைப் போட்டு ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் பிரௌசரில் ப்ராக்ஸியை எடுத்துவிட்டு நேராக இணையத்துக்குப் போய்விடுகிறார்களே?

லாக்கின் வைப்பது பாதி வேலைதான், தங்கச்சி. மீதி, நெட்வொர்க்கின் காவல் கதவான ஃபயர்வாலில் இருக்கிறது. ஸ்க்விட் ஓடும் கணினியைத் தவிர வேறு எதுவும் நேராக வெளியே போகாதபடி அடைத்துவிடுங்கள். இணையத் தளங்களுக்குப் போகும் வாசல்களான (போர்ட்) 80, 443 இரண்டையும் டிசிபி என்ற அனுப்பும் முறையில் மட்டும் அடைத்தால் போதாது. குரோம் யூடிபி என்ற இன்னொரு முறையில் 443 வழியாகவும் போகும்.

தோட்ட அலுவலகக் கிராணி: ஒவ்வொரு கணினியிலும் ப்ராக்ஸி முகவரியைப் போட்டு மாளவில்லை. ரவுட்டரிலேயே ஸ்க்விட் பக்கம் திருப்பிவிட்டு லாக்கின் கேட்க முடியாதா?

முடியாது ஐயா. பலர் நாள் கணக்கில் மல்லுக்கட்டுவது இதில்தான். ப்ராக்ஸி '407' (முதலில் லாக்கின் செய் என்ற குறியீடு) என்று பதில் அனுப்பினால், பிரௌசர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். ஆனால் நடுவே ஒரு ப்ராக்ஸி இருப்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் சொல்லாமல் திருப்பிவிட்டால், நேராகத் தளத்தோடு பேசுவதாகத்தான் அது நினைக்கும், 407-ஐ ஏற்காது. அதுவே நல்லது. இல்லையென்றால் நடுவில் புகுந்த எவனும் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிவிடுவான். கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைன் இருந்தால், அதன் பொது அமைப்பான குரூப் பாலிசியில் ஒரே தடவை முகவரியைப் போடுங்கள், எல்லாக் கணினிக்கும் போய்ச் சேரும்.

கணினிக் கடை வைத்திருக்கும் தம்பி: ஸ்க்விட்டின் அமைப்புக் கோப்பில் எல்லாம் எழுதியும் லாக்கின் கேட்கவே இல்லை அண்ணே.

ஸ்க்விட் அனுமதி விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். உள் நெட்வொர்க் முழுவதையும் அனுமதிக்கும் வரி உங்கள் லாக்கின் வரிக்கு மேலே இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை நீக்குங்கள். கடைசி வரி எல்லாரையும் மறுப்பதாக இருக்கட்டும்.

கைப்பேசிக்கு? வைஃபை அமைப்பில் ப்ராக்ஸி போடலாம். ஆனால் பல ஆப்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. ஹோட்டல் வைஃபை போல லாக்கின் பக்கம் வைத்துவிடுங்கள்.

படிவம் ஐந்து மாணவரின் தாயார்: மகனின் கடவுச்சொல் பத்திரமா? அவன் பார்ப்பதெல்லாம் தெரியுமா?

அக்கா, பேசிக் என்ற எளிய லாக்கின் முறையில் கடவுச்சொல் பேஸ்64 வடிவில்தான் (வேறு எழுத்துகளில் மாற்றி எழுதுவது) போகும். அது பூட்டு இல்லை; வழியில் பிடிப்பவர் நொடியில் படித்துவிடுவார். அதனால் மின்னஞ்சலுக்கோ வங்கிக்கோ வைத்திருப்பதை இங்கே வைக்கவே கூடாது. ஸ்க்விட்டின் பதிவேடான லாக் கோப்பில் அவன் பெயர், நேரம், போன தளம் மூன்றும் பதிவாகும். எச்டிடிபிஎஸ் தளமென்றால் சாதாரண அமைப்பில் தளத்தின் பெயர் மட்டும் தெரியும், உள்ளே எந்தப் பக்கம் என்பது தெரியாது. இப்படிப் பதிவாகிறது என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொன்னார்களா, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் பார்ப்பார்கள் என்று நிலையத்தில் கேளுங்கள். கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.