மகனை அகடமிக்கு விடலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். இளவாலையிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து 14 மாதம். நீங்கள் ஆஸ்பத்திரியில் தாதி, மகனுக்கு 12 வயது. ஞாயிற்றுக்கிழமைச் சிறுவர் உதைபந்தாட்டத்தில் அவனைப் பார்த்த ஒருவர், லீக் டூ கழகம் ஒன்றின் அகடமிக்கு, அதாவது சிறுவர் பயிற்சிப் பிரிவுக்கு, ட்ரயலுக்கு (ஆளைத் தெரிவுசெய்யும் ஆட்டத்துக்கு) வரச் சொல்லியிருக்கிறார். "படிப்புக் கெட்டுவிடும், அதுவும் நாலாம் தரக் கழகம்" என்று உங்கள் கணவர் மறிக்கிறார். உதைபந்தாட்டத்தில் ஒரு பிழைப்பு இருக்கிறதா, அனுப்பலாமா என்பதுதான் உங்கள் கேள்வி.

நான் 1998 இல் வந்தவன். லண்டன் ரூட்டிங்கில் காரட் லேன் பக்கம் கடை வைத்திருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன்.

முதலில் அந்த "நாலாம் தரம்" என்ற சொல். இங்கே மேலே பிரீமியர் லீக்கில் 20 கழகம். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் வன், லீக் டூ என்று மூன்று படி, ஒவ்வொன்றிலும் 24 கழகம். ஆக மொத்தம் 92. அதற்கும் கீழே நாஷனல் லீக், பிறகு ஊர்க் கழகங்கள் என்று படிகள் இறங்கிக்கொண்டே போகும். லீக் டூவில் ஒரு கழகத்துக்கு இருபத்தைந்து பேர் என்று வைத்தாலும் நாடு முழுவதிலும் 600 பேர்தான். அந்த இடங்களுக்கு இங்கிலாந்துப் பிள்ளைகள் மட்டுமா போட்டி? அயர்லாந்து, ஆபிரிக்கா, ஐரோப்பா என்று எல்லா இடத்துப் பெடியன்களும் வருகிறார்கள். நாலாவது படியில் நிற்கிற ஆட்டக்காரன் லட்சக்கணக்கானோரைத் தாண்டி வந்தவன். உங்கள் ஊரில் ஹென்றியரசர் கல்லூரி அணிக்கு ஒரு பிள்ளை எடுபட்டாலே எவ்வளவு பெருமை என்று உங்களுக்குத் தெரியாததில்லை. கணவரிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

அது எப்படிப்பட்ட பிழைப்பு என்பது அடுத்த கேள்வி. அதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன்.

2015 ஆம் ஆண்டு கடைக்கு மேலே இருந்த அறையை ஒரு பெடியனுக்கு வாடகைக்குக் கொடுத்தோம். பர்மிங்ஹாம் பக்கத்துப் பிள்ளை, 22 வயது, இடப்பக்கப் பின்காவலில் ஆடுபவன். லண்டனுக்கு வெளியே உள்ள ஒரு லீக் டூ கழகத்துக்கு ஆடினான். கழகத்தின் பெயர் வேண்டாம். இரண்டு பருவம் எங்களுடன் இருந்தான். என் மனைவியை முதல் கிழமையே அன்ரி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டான்.

காலை எட்டு மணிக்கு முன்னரே பெற்றோல் நிலையத்தடியில் போய் நிற்பான். அங்கே நாலு ஆட்டக்காரர் ஒரு காரில் சேர்ந்து, எண்ணெய்க் காசைப் பிரித்துக்கொண்டு பயிற்சிக்குப் போவார்கள். மத்தியானம் திரும்பி வந்ததும் கடை ஃப்ரீசரிலிருந்து நாலு பை ஐஸ் எடுத்து, காசு வைத்துவிட்டு மேலே போவான். குளியல்தொட்டியில் பச்சைத்தண்ணீரோடு அந்த ஐஸைக் கொட்டி, இடுப்பளவு உட்கார்ந்து பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான். நான் காசு வேண்டாம் என்று சொல்லியும் ஒருநாள்கூட அவன் வைக்காமல் போனதில்லை. மனைவி தேங்காய்ப்பால் விடாமல் கோழிக்கறி வைத்துக் கொடுப்பாள். வியாழக்கிழமையே சோற்றைக் கூட்டத் தொடங்குவான், சனிக்கிழமை ஓடுவதற்கு.

ஒரு பருவத்தில் லீக் ஆட்டம் மட்டும் 46. கிண்ண ஆட்டங்கள் வேறு. சனி பிற்பகல் 3 மணிக்கு ஒன்று, பல கிழமைகளில் செவ்வாய் இரவும் ஒன்று. கார்லைல் போல 300 மைலுக்கு அப்பால் உள்ள ஊரில் செவ்வாய் இரவு ஆட்டம் என்றால் விடியப்புறம்தான் வந்து படுப்பான். சனி பிற்பகல் ஆட்டங்களை இங்கே ரிவியில் நேரடியாகக் காட்ட முடியாது. 2:45 முதல் 5:15 வரை தடை. ஆட்கள் மைதானத்துக்குப் போகவேண்டும், சின்னக் கழகங்கள் பிழைக்கவேண்டும் என்பதற்காக அறுபதுகளிலிருந்து உள்ள ஏற்பாடு. அதனால் மனைவி கல்லாவில் இருந்துகொண்டு வானொலியில் கோல் விபரம் சொல்லும்போது மட்டும் கையைத் தூக்குவாள். கடைக்கு வந்த சனமும் பேசாமல் நிற்கும்.

அவனுக்கு அடிப்படைச் சம்பளம் கிழமைக்கு 850 பவுண். தொடக்க அணியில் ஆடினால் கொஞ்சம் கூட, வென்றால் இன்னும் கொஞ்சம். ரிவியில் காட்டும் கோடிகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் 22 வயதுப் பெடியனுக்கு அது நல்ல சம்பளம், தாய்க்கும் மாதாமாதம் அனுப்பினான். ஒப்பந்தம் எவ்வளவு காலம் என்று பார்த்தால் ஒரு வருடம். ஜூன் 30 உடன் முடியும். லீக் டூவில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடம் அல்லது இரண்டு வருடம்தான். வீட்டுக்கடன் கேட்டுப் போனால் வங்கிக்காரர் அந்தத் திகதியைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாம் பருவம், பெப்ரவரியில் சேற்று மைதானத்தில் அவன் கணுக்கால் திரும்பிவிட்டது. முழுதாக ஆற முன்னமே, ஏப்ரலில் ஊசி போட்டு இறக்கினார்கள். காயமாக இருந்த நாட்களில் அடிப்படைச் சம்பளம் மட்டும். மே முதற்கிழமை பருவம் முடிந்தது. அதற்கு அடுத்த நாட்களில் கழகங்கள் யாரை வைத்திருக்கிறோம், யாரை விடுகிறோம் என்று பட்டியல் போடுவார்கள். ஆட்டக்காரரை ஒவ்வொருவராக மனேஜரின் அறைக்குக் கூப்பிடுவார்கள். அன்று அவன் பின்னேரம் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் இருந்துவிட்டான். மனைவி தேத்தண்ணியோடு போய்ப் பக்கத்தில் இருந்தாள். "நாலு நிமிஷம் அன்ரி, நாலே நிமிஷம்" என்றான். இரண்டு வருட உழைப்புக்கு அந்த அறையில் கிடைத்த நேரத்தைத்தான் சொல்கிறான் என்று விளங்க எங்களுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அந்தக் கழகத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. விடுவது அவர்கள் உரிமை. ஊசி போட்டு ஆடவைத்த பிள்ளையோடு உட்கார்ந்து பத்து நிமிடம் பேசியிருக்கலாம்.

ஜூலையில் இரண்டு கழகங்களில் சம்பளமில்லாமல் ட்ரயல் போனான். சரிவரவில்லை. பிறகு நாஷனல் லீக் சவுத்தில் பகுதிநேரக் கழகம் ஒன்று எடுத்தது. செவ்வாய், வியாழன் இரவு பயிற்சி, பகலில் எலெக்ட்ரீஷியன் படிப்பு. அந்தப் படிப்புச் செலவில் ஒரு பங்கைப் பி.எஃப்.ஏ. கொடுத்தது. அது ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கம், 1907 இல் தொடங்கியது. ஒரு காலத்தில் இங்கே எவ்வளவு பெரிய ஆட்டக்காரனுக்கும் கிழமைக்கு 20 பவுணுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று லீக் விதி இருந்தது. 1961 இல் வேலைநிறுத்தம் செய்வோம் என்று நின்று அதை உடைத்தவர்கள் இவர்கள்தான். உங்கள் மகன் என்றாவது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் அன்றே அங்கத்தவனாகச் சேரவேண்டும்.

அந்தப் பெடியன் இப்போது குடும்பத்தோடு குறொய்டனில் இருக்கிறான். என் கடை வயரிங் முழுவதும் 2021 இல் அவன் செய்தது. உங்கள் கேள்வியை அவனிடம் சொன்னேன். "விடச் சொல்லுங்கள் அங்கிள். ஆனால் ஒவ்வொரு மே மாதமும் வீட்டில் ஒரு ஆள் இருக்கவேண்டும்" என்றான். இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. இது ஒரு தொழில், தங்கச்சி. தச்சு, மீன்பிடி போல உடம்பால் செய்கிற, கற்றுத் தேறவேண்டிய, சீக்கிரம் முடிந்துபோகிற தொழில். முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஓடுகிறவர்கள் கொஞ்சப் பேர். லொத்தர் சீட்டு மாதிரி நினைத்து ஒரு குடும்பமே அதில் தொங்கும்போதுதான் பிள்ளைகள் நொறுங்குகிறார்கள்.

ஜேமி வார்டியின் கதையை இனி எல்லோரும் உங்களுக்குச் சொல்வார்கள். 16 வயதில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கழகம் வேண்டாம் என்று அனுப்பியவர். ஊர்க் கழகத்தில் கிழமைக்கு 30 பவுணுக்கு ஆடி, பகலில் தொழிற்சாலையில் வேலை செய்தார். 2012 இல் லெஸ்டர் கழகத்துக்குப் போய் 2016 இல் பிரீமியர் லீக்கை வென்றார். ரிக்கி லம்பேட் பீட்ரூட் தொழிற்சாலையில் நின்றவர், 2013 இல் இங்கிலாந்துக்காக இறங்கி முதல் தொடுகையிலேயே கோல் அடித்தார். உண்மைக் கதைகள்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் பெரி (Bury) என்ற கழகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1885 இல் தொடங்கிய கழகம். 2019 வசந்தத்தில் ஆட்டக்காரர்கள் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்காமலே ஆடி லீக் வன்னுக்கு ஏறினார்கள். அதே ஓகஸ்டில் கடன் பிரச்சினையால் கழகமே லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது.

எங்கள் பிள்ளைகள் இதில் இல்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். விமல் யோகநாதன் என்று ஒரு பெடியன், தமிழ்ப் பெற்றோரின் மகன், வட வேல்ஸில் வளர்ந்தவன். லிவர்பூல் அகடமியில் இருந்து, பிறகு பார்ன்ஸ்லி கழகத்துக்குப் போய் 2024 இல் முதல் அணியில் ஆடினான். அந்தச் செய்தியைக் கடையில் வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பெரிய கழகத்தை விட்டு வந்தாலும் கீழே ஒரு படியில் வாழ்வு இருக்கிறது என்பதற்கு அவனே சாட்சி.

இனி நீங்கள் கட்டாயம் கவனிக்கவேண்டியது. புதிதாக வந்தவர்களுக்கு இதை ஒருவரும் சொல்வதில்லை. உங்கள் வேலை விசாவில் மகன் தங்கியிருப்பவன் என்பதால், அவனுடைய அனுமதியில் தொழில்முறை விளையாட்டு வீரனாக வேலை செய்யக்கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. குடிவரவு விதியில் "தொழில்முறை" என்பதன் வரையறை மிகவும் அகலம். காசு வாங்காமல் அகடமி வயதுப்பிரிவில் பதிவதையும் அது தொடும். அதோடு, வெளிநாட்டுப் பிள்ளையைக் கழகம் பதியும்போது ஃபிஃபாவின் சிறுவர் விதியும் வரும். பெற்றோர் உதைபந்தாட்டத்துக்காக இல்லாமல் வேறு காரணத்துக்காகக் குடிபெயர்ந்தவர்கள் என்று காட்டவேண்டும். உங்கள் வேலைக் கடிதம், விசா, வீட்டு ஒப்பந்தம், மகனின் பள்ளிக்கூடக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ட்ரயலுக்கு முன்னமே கழகச் செயலாளரிடம் மகனின் விசா நிலையைச் சொல்லுங்கள். எதிலும் கையெழுத்து வைக்க முன்னர் தகுதியுள்ள குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். ஒரு சின்னப் பிழை முழுக் குடும்பத்தின் விசாவையும் பாதிக்கக்கூடும். இதில் தெரிந்தவர் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று போகவேண்டாம்.

காசு கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். உண்மையான கழக அகடமி பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதில்லை. முகவர் என்று யாராவது வந்தாலும் அப்படியே. 12 வயதுப் பிள்ளையை முகவர் அணுகவே கூடாது. ஒவ்வொரு கழகத்திலும் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் இருப்பார். முதல் நாளே அவர் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று கூச்சப்படாதீர்கள். இங்கே அதைக் கேட்காத பெற்றோரைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

படிப்பைப் பற்றிக் கணவர் பயப்படுவது சரிதான். அகடமி என்றால் பெரும்பாலும் கிழமைக்கு மூன்று மாலைப் பயிற்சி, ஞாயிறு ஒரு ஆட்டம். கூட்டிக்கொண்டு போய்வரும் பெற்றோருக்கும் அதே களைப்பு, உங்கள் இரவு ஷிஃப்டையும் பார்க்கவேண்டும். 16 வயதில் ஜீ.சீ.எஸ்.ஈ. சோதனை முடிய, கழகம் ஸ்கொலர்ஷிப் என்ற இரண்டு வருடப் பயிற்சி இடத்தைக் கொடுக்கும் அல்லது பிள்ளையை விடும். கொடுத்தாலும் அந்த இரண்டு வருடத்திலும் படிப்பு சேர்ந்தே வரும். 18 இல் தொழில்முறை ஒப்பந்தம் கிடைப்பது அதிலும் சிலருக்குத்தான். ஆகவே கணிதமும் ஆங்கிலமும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப்பாடம் காரில் செய்கிற பழக்கம் வந்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். ட்ரயலில் எடுபடாவிட்டால் அன்று அவனுக்குப் பிடித்த சாப்பாடு சமையுங்கள், ஆட்டத்தைப் பற்றி அவனாகக் கதைக்கும்வரை கதைக்கவேண்டாம்.

விசா விஷயம் சரி என்று சட்டத்தரணி சொன்னால் விடுங்கள் என்பதுதான் என் எண்ணம்.

அதற்கு முன் ஒரு ஆட்டத்தைக் கிட்ட இருந்து அவனுக்குக் காட்டவேண்டும். ரூட்டிங் புரோட்வேயிலிருந்து நடக்கிற தூரத்தில் பிளௌ லேன் மைதானம் இருக்கிறது, ஏ.எஃப்.சி. விம்பிள்டனுடையது. பழைய விம்பிள்டன் கழகத்தை மில்ற்றன் கீன்ஸ் என்ற வேறு நகருக்குக் கொண்டுபோக 2002 இல் அனுமதி கொடுத்தபோது, ரசிகர்களே சேர்ந்து தொடங்கிய கழகம் அது. ஒன்பதாம் படியில் தொடங்கி 9 வருடத்தில் லீக் டூவுக்கு ஏறினார்கள். மைதானம் சின்னது, ஆட்டக்காரர் ஒருவரையொருவர் கூப்பிடுவதே கேட்கும். மகனிடம் பந்தைப் பார்க்காமல் பின்காவல்காரன் ஒருவனை மட்டும் ஒரு பாதி முழுவதும் பார்க்கச் சொல்லுங்கள், பந்து இல்லாத நேரம் அவன் எங்கே நிற்கிறான் என்று. உங்களுக்கு வேலை இல்லாத சனிக்கிழமை எது என்று எழுதுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு இரண்டு மணிக்குக் கடைக்கு வந்தால் எல்லோருமாக நடந்து போகலாம். டிக்கெட்டை நான் எடுத்து வைக்கிறேன். குறொய்டன் பெடியனையும் வரச் சொல்கிறேன்.