கோயில் படங்களின் மாற்று உரை கூகுள் தேடலுக்கு உதவுமா?

சுங்கை சிப்புட்டில் உள்ள உங்கள் தோட்டக் கோயிலின் அகப்பக்கப் படங்களுக்கு மாற்று உரை (படத்தில் இருப்பதைச் சொற்களில் சொல்ல, பக்கத்தின் நிரலில் 'alt' என்ற இடத்தில் எழுதும் குறிப்பு) எழுதினால் கூகுளில் முன்னுக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு உதவும், அதிலும் படத் தேடலில். ஆனால் இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிசொல்லும், 1999இல் வெளிவந்த அணுகல் வழிகாட்டியின் முதல் விதியே அதைக் கேட்பது, படத்தைக் காண இயலாதவர்களுக்காக. பார்வை இழந்த என் பெரியம்மா திருவிழாவைக் காதால்தான் காண்கிறார். 'கோயில், பேராக், சிறந்த கோயில்' என்று சொற்களை அடுக்கினால், திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் மென்பொருள் அத்தனையையும் ஒப்பிக்கும், அவருக்கு ஒன்றும் விளங்காது. கூகுளும் அத்தகைய அடுக்கலை விரும்புவதில்லை. 'மஞ்சள் சேலை உடுத்திய பெண்கள் பால்மரங்களுக்கிடையே பால்குடம் சுமந்து வருகிறார்கள்' என்று எழுதுங்கள். வெறும் அலங்காரப் படமானால் மாற்று உரையின் இடத்தைக் காலியாக விடலாம். அந்த இடத்தையே நீக்கிவிட்டால், சில திரைவாசிப்பான்கள் கோப்பின் பெயரை வாசிக்கத் தொடங்கிவிடும்.