பின்வேலியில் ஆள் போய்வந்த பொட்டை (இடைவெளியை) ஏன் அடைத்தீர்கள்?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. கோண்டாவிலில் தனியே இருக்கிறார். அப்பா தவறி ஆறு வருடம். நான் லண்டனில், தம்பி கனடாவில். ஒன்றரை வருடமாக அம்மாவுக்குக் கால் உளைவு, நெஞ்சடைப்பு, நித்திரை இல்லை. பெரியாஸ்பத்திரிக் கிளினிக், தனியார் ஆஸ்பத்திரி எல்லாம் காட்டியாயிற்று. ஈசிஜி, எக்கோ, இரத்தம் எல்லாம் நோர்மல். பிரஷரும் சீனியும் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. கடைசியாகப் பார்த்த டொக்டர் நித்திரைக் குளிசை எழுதினார். நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் வீட்டைத் திருத்தி, நாலு பக்கமும் மதில் கட்டி, பின்பக்கத்துப் பொட்டையும் அடைத்து, கமரா பூட்டி, சமைக்கவும் ஆள் வைத்தோம். அம்மாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கே என் மாமியார் இப்படிச் சோர்ந்திருந்தபோது ஜீபி (குடும்ப டொக்டர்) அவரை ஒரு லிங்க் வேர்க்கரிடம் அனுப்பினார். அவர் மாமியாரைத் தோட்டம் செய்கிற குழுவொன்றில் சேர்த்துவிட்டார். இப்போது நன்றாகத் தேறிவிட்டார். யாழ்ப்பாணத்தில் அப்படி யாராவது இருக்கிறார்களா? சம்பளம் எவ்வளவென்றாலும் தருவோம். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறேன்.
— ஒரு மகள், லண்டன்

பதில்:

தங்கச்சி, கேட்டதற்கு முதலில் நேர்ப் பதில். டொக்டர் துண்டு எழுதி அனுப்ப, ஆளோடு ஆறுதலாக இருந்து கதைத்து, ஊரில் பொருத்தமான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதையே உத்தியோகமாகச் செய்கிற லிங்க் வேர்க்கர் நம்முடைய கிளினிக்குகளில் இல்லை. சம்பளத்துக்கு ஒருவரைப் பிடிக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன்.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. ஊரில் தனியே ஓர் அம்மா, வெளியில் பிள்ளைகள், ரிப்போட் எல்லாம் நோர்மல், அம்மாவுக்கு மட்டும் சுகமில்லை. எழுதுகிறவர்கள் எல்லோரும் தாங்கள் செய்துகொடுத்தவற்றை வரிசையாக எழுதுவார்கள். நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிசையில், மதிலுக்கும் கமராவுக்கும் நடுவில், "பின்பக்கத்துப் பொட்டையும் அடைத்து" என்று மூன்று சொல்லில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அதை விட்டுவிட்டுப் போகமாட்டேன்.

அந்தப் பொட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது யார்? கடிதம் முழுவதும் தேடினேன், ஒரு வரி இல்லை. பொட்டு ஒரு நாளில் விழுவதில்லை. வருடக்கணக்காக ஒரே இடத்தால் ஆள் குனிந்து போய் வந்து, கிடுகு விலகி, இரண்டு கதியாலுக்கு நடுவே நிலம் மினுங்கிப்போய்த்தான் அது வழியாகிறது. ஆகவே அங்கே யாரோ இருந்தார். ஒரு சுண்டு அரிசி, பாதித் தேங்காய், கறிவேப்பிலை, மீன்காரன் வந்துவிட்டான் என்ற சேதி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற பதற்றம், சில நாள் சண்டைகூட அந்த வழியால்தான் வந்து போயிருக்கும். முன் படலையால் வருகிறவர் விருந்தாளி. அவருக்குக் கதிரை இழுத்துப் போட வேண்டும், நல்ல சீலை உடுத்திருக்க வேண்டும். பொட்டால் வருகிறவர் ஈரக்கையோடு வந்து குசினி வாசலில் நின்று நாலு கதை கதைத்துவிட்டுப் போவார். 74 வயதில் ஒரு மனுஷிக்கு நாள்தோறும் வேண்டியது இந்த இரண்டாவது ஆள்தான்.

1995 ஒக்டோபர் 30 இரவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்களுக்கு அப்போது பதினாறு பதினேழு வயது இருக்கும். போரால் யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த நெரிசலுக்குள் உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் மூட்டையோடு நடந்தவர் யார்? அடுத்த வருடம் திரும்பி வந்து, பற்றை மண்டிக் கிடந்த வளவைத் துப்புரவாக்கியபோது கூட நின்றவர் யார்? அது பின்வளவுப் பெண்ணாக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எழுதவில்லை என்பதுதான் என்னைச் சுடுகிறது.

மதில் கட்டி இரண்டு வருடம், வருத்தம் தொடங்கி ஒன்றரை வருடம். இரண்டு கணக்கையும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லையா? மதில்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்யவில்லை. கணவனை இழந்தவர், பிள்ளைகளைப் பிரிந்தவர், சீனி வருத்தக்காரர், காரணம் பல இருக்கும். ஆனால் மற்ற எல்லாவற்றையும் டொக்டர்மார் சோதித்துவிட்டார்கள், இதை மட்டும் யாரும் சோதிக்கவில்லை.

இது வயதானவர்களின் சும்மா மனக்குறை என்று நினைக்காதீர்கள். 2010இல் ஜூலியான் ஹோல்ட்-லண்ட்ஸ்டாட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 148 ஆய்வுகளை, மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விபரங்களோடு, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மனிதத் தொடர்பு பலமாக உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு, தொடர்பு குறைந்தவர்களைவிட 50 வீதம் கூடுதலாக இருந்தது. புகைத்தலை விடுவதோடு ஒப்பிடக்கூடிய வித்தியாசம் அது. பிரஷருக்கு மாதாமாதம் கிளினிக் போகிறோம். இதற்கு எங்கே போகிறோம்?

இங்கிலாந்து அதற்கு ஒரு வழி செய்து பார்க்கிறது. கிழக்கு லண்டனில் புரொம்லி பை போ என்ற இடத்தில் 1984இல் ஒரு தேவாலயத்தில் தொடங்கிய சமூக நிலையம், வைத்தியமும் ஊர்க் காரியங்களும் ஒரே இடத்தில் கலக்கலாம் என்று காட்டியது. 2019இல் அரசாங்க சுகாதார சேவை தன்னுடைய நீண்டகாலத் திட்டத்தில் இதை எழுதிவைத்தது: ஆயிரத்துக்கு மேற்பட்ட லிங்க் வேர்க்கர்களைச் சேர்ப்பது, 2023/24க்குள் 9 இலட்சம் பேரை அவர்களிடம் அனுப்பக்கூடியதாகச் செய்வது என்று. அந்த உத்தியோகத்தரின் வேலை மருந்து கொடுப்பதல்ல. "உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்து, பாட்டுக் குழுவோ நடைக் குழுவோ தோட்டமோ, பொருந்துகிற இடத்துக்கு முதல் நாள் கூடப் போய் விட்டுவிட்டு வருவது. இதனால் எவ்வளவு பலன் என்பதற்கு அங்கேயே சான்று இன்னும் திடமாக இல்லை. 2017இல் யோர்க் பல்கலைக்கழகத்தார் கிடைத்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, பெரும்பாலானவை சிறியவை, குறைபாடுள்ளவை என்று எழுதினார்கள். ஆகவே மருந்துக் குளிசை மாதிரி இதை நம்ப வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அக்கம்பக்கம் கைவிட்டுப்போன நாட்டில், அதைத் திரும்பக் கட்ட அரசாங்கம் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அது பின்வளவில் சும்மா இருந்தது. நீங்கள் மேசனுக்குக் கூலி கொடுத்து அடைத்தீர்கள்.

அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லையாம். எப்படிச் சொல்வார்? மகள் குளிருக்குள் நின்று உழைத்து அனுப்பிய காசு. ஒரு சொல் மறுத்தால் பிள்ளையின் மனம் நோகும் என்று பயப்படுகிற தலைமுறை அது. அம்மா பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்தது உங்கள் வசதிக்கு. பெற்ற பிள்ளைக்கு அம்மாவின் மௌனத்தை விளங்கிக்கொள்ளக் கடமை இருக்கிறது. மாதாமாதம் காசு போட்டால் அந்தக் கடமை தீராது.

கள்ளர் பயத்துக்குத்தான் மதில் என்பீர்கள். பயம் பொய்யல்ல, நானும் மதிலை இடிக்கச் சொல்லவில்லை. ஆனால் யோசியுங்கள். அம்மா விடிய 5 மணிக்கு எழும்பிக் கிணற்றடிக்குப் போகிற நேரம் லண்டனில் நடுச்சாமம். வழுக்கி விழுந்தால் கமரா அதைப் பதிவுசெய்யும், தூக்கிவிடாது. வேலிக்கு அப்பால் கப்பிச் சத்தம் கேட்கவில்லையே என்று எட்டிப் பார்க்க ஒருவர் இருந்தார். ஆறடி மதிலுக்கு மேலால் அவருக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றும் கேட்காது.

உங்கள் மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள், அந்தத் தோட்டத்தில் என்ன கிடைத்தது என்று. ஒரு கிழமை போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருந்திருக்கும். கத்தரிக்கன்று எப்படி நடுவது என்று யாராவது அவரிடம் கேட்டுமிருப்பார்கள். அம்மாவிடம் இப்போது யார் எதைக் கேட்கிறார்கள்? சமைக்க ஆள், கூட்ட ஆள், காசு அனுப்பப் பிள்ளை. அவரிடமிருந்து வாங்க யாரும் இல்லை. கைகால் ஓடுகிற மனுஷியைக் கதிரையில் இருத்திவிட்டுக் கால் உளைகிறதாம் என்று டொக்டரிடம் கொண்டுபோகிறோம். இது அன்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. பெற்றோருக்குச் செய்கிற கடமையில் பெரிய பங்கு, அவர்கள் பிறருக்குச் செய்ய இடம் விடுவது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஓகஸ்ட் வரை காத்திருக்காமல் இன்றைக்கே அம்மாவுக்கு எடுங்கள். சாப்பாடு, குளிசை, கிளினிக் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். பின்வளவில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அம்மா அழுதாலும் இடையில் பேசாதீர்கள்.

அம்மா விரும்பினால் பின்மதிலில் பொட்டு இருந்த அதே இடத்தில் ஒரு சின்னக் கதவு போட வேண்டும். இரும்புக் கதவே போடுங்கள், உள்ளுக்குக் கொண்டியும் வையுங்கள், இரவில் பூட்டட்டும். ஆனால் ஒரு திறப்பு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். சமைக்க வருகிற பிள்ளை கிழமையில் இரண்டு மூன்று நாள் வந்தால் போதும். மற்ற நாளில் அம்மா தன் கையால் புட்டவிக்கட்டும், கூடத்தான் அவிக்கட்டும்.

பிறகு ஊர். கிராம அலுவலரிடம் கேட்டால் உங்கள் பகுதி முதியோர் சங்கம் எங்கே, எப்போது கூடுகிறது என்று சொல்வார். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு கிராம மட்டத்தில் இப்படிச் சங்கங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. பிரதேச செயலகத்தில் சமூக சேவைப் பகுதியிலும் விசாரிக்கலாம். சனசமூக நிலையம் இருந்தால் அங்கே யாரையும் தெரியுமா என்று அம்மாவிடமே கேளுங்கள். கோவிலில் பூ கட்டவும் மடப்பள்ளியில் காய்கறி வெட்டவும் எப்போதும் கை வேண்டும். கந்தபுராணப் படிப்பு நடக்கிற கோவில் என்றால், ஒருவர் படிக்க ஒருவர் பயன் சொல்ல, கேட்டுக்கொண்டிருப்பதே சிலருக்குப் பெரிய ஆறுதல். எங்கே போனாலும் அம்மா வெறுமனே போயிருந்து தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு வரக் கூடாது. ஒரு வேலை அவர் பெயரில் இருக்க வேண்டும்: தேத்தண்ணி ஊற்றுவது, கொப்பியில் பெயர் பதிவது, எதுவானாலும் சரி. முதல் நாள் தனியே அனுப்பாதீர்கள். தெரிந்த ஒருவர் கூட்டிக்கொண்டு போகட்டும். லிங்க் வேர்க்கர் செய்வது அதைத்தான். சாவகச்சேரியிலோ சுன்னாகத்திலோ உங்களுக்கு ஒரு மச்சாள் இருப்பாரே, ஒரு நாள் லீவு போடச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் கவனம். கதவு போட்டுச் சங்கத்தில் சேர்த்துவிட்டால் எல்லாம் மாறும் என்று இருந்துவிடாதீர்கள். அம்மா சாப்பாட்டைக் குறைத்திருந்தால், விடியப்புறமே விழித்துக் கிடந்தால், "இருந்தென்ன" என்று கதைத்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துத் தமிழிலும் கதைக்கலாம். ஊர் என்ன சொல்லும் என்று பின்னடிக்க வேண்டாம். நெஞ்சடைப்பு புதிதாக, கடுமையாக வந்தால் பழைய ஈசிஜியை நம்பாமல் உடனே கொண்டுபோங்கள். நித்திரைக் குளிசையை டொக்டரைக் கேட்காமல் ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது.

திருவிழாவுக்கு வந்ததும் மேசனைக் கூப்பிட முதல் நீங்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். றோட்டால் சுற்றிப் பின்வளவு வீட்டுக்குப் போங்கள். சொக்லேற் பை வேண்டாம், வெறுங்கையோடு போங்கள். அவர் தருகிற தேத்தண்ணியை இருந்து குடியுங்கள். பொட்டைக் கேளாமல் அடைத்தது பிழை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அம்மாவை அனுப்பிச் சொல்விக்க வேண்டாம், அடைத்தது அம்மா இல்லை. அவர் உடனே சிரித்துக்கொண்டு கதவால் வந்துவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு வருடம் ஒரு மதிலைப் பார்த்துக்கொண்டு இருந்தவர். முகத்தைத் திருப்பினால் அதையும் வாங்கிக்கொண்டு, லண்டனுக்குத் திரும்ப முதல் இன்னொரு தடவை போங்கள்.