உங்கள் தோட்டத்தில் ஆழ்குழாய் இல்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெயிலைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். 'வறட்சி வசதியானவர்களைத் தொடுவதில்லை' என்று அதில் ஒரு வரி. எனக்குத் தாராபுரம் பக்கம் ஐந்து ஏக்கர். 2017 கோடையில் என் அப்பா வைத்த தென்னையில் அறுபத்தெட்டு மரம் பட்டுப்போனது. கொண்டை சாய்ந்து நின்ற மரங்களைப் பார்த்துவிட்டு என் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிய கடனை 2022இல்தான் அடைத்தேன். நான் வசதியானவனா?

பருவநிலை மாற்றம் அமெரிக்காவும் ஐரோப்பாவும் புகை விட்டு உண்டாக்கியது. அதற்குள் சாதி, ஏற்றத்தாழ்வு என்று கொண்டுவந்து ஊருக்குள் சண்டை மூட்டுவானேன்? மழை பொய்த்தால் எல்லார் காட்டுக்கும்தான் பொய்க்கிறது. கடைசியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் தோட்டத்தில் ஆழ்குழாய் இல்லையா?

பெயர் வேண்டாம்,
தாராபுரம் வட்டம்.

அன்புள்ள நண்பருக்கு,

இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. 1998இல் போட்டது 420 அடி, 2013இல் போட்டது 1,050 அடி. உங்கள் கடிதத்தில் என்னைக் குத்திய வரி அதுதான் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் சுட்டிய அந்த வாக்கியம் தவறு. எழுதுகிற வேகத்தில் வந்து விழுந்தது, திரும்பப் பெறுகிறேன். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. அந்தக் கோடையில் காங்கேயத்திலிருந்து உடுமலை வரை பஸ்ஸில் போனவன் நான். இரண்டு பக்கமும் மொட்டைத் தென்னைகள். பார்த்தவன் அப்படி எழுதியிருக்கக் கூடாது.

ஆனால், 'எல்லார் காட்டுக்கும்தான் பொய்க்கிறது' என்கிறீர்களே, அங்கேதான் நிற்க வேண்டியிருக்கிறது. நம் பக்கத்தில் காடு வேறு, தோட்டம் வேறு, வயல் வேறு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வானம் பார்த்தது காடு, கிணறு இருந்தால் தோட்டம், வாய்க்கால் பாய்ந்தால் வயல். ஒரே மழைதான் பொய்க்கிறது. காட்டுக்காரருக்கு அந்த வருடமே வெறுங்கை. தோட்டத்துக்காரர் கிணறு தாங்குகிற வரை தாங்குவார். அணையில் தண்ணீர் இருக்கிற வரை வயல்காரருக்குக் கவலையில்லை. இந்த மூன்றும் இல்லாமல், மூன்றிலும் கூலிக்குப் போகிறவருக்கு இந்த வரிசையில் ஒரு பெயர்கூடக் கிடையாது.

எங்கள் ஆழ்குழாய்க் கதைக்கு வருகிறேன். நாம் இருப்பது மழை மறைவுப் பகுதி, மலை மறைத்துக்கொள்வதால் மழை குறைவு. கீழே கடினப் பாறை. மேலே கொஞ்ச ஆழத்துக்குச் சிதைந்த பாறையும் மண்ணும், அதில் ஊறி நிற்பதுதான் திறந்த கிணற்றுத் தண்ணீர். அதற்குக் கீழே பாறை வெடிப்புகளில் இருப்பதுதான். வெடிப்பில் மாட்டினால் உண்டு, இல்லையென்றால் வெறும் புகைதான். 2013இல் எங்கள் கிணறு வற்றியபோது உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் வந்தார். திருச்செங்கோட்டிலிருந்து துளை போடுகிற ரிக் வண்டி வந்தது. (இந்தியாவில் எந்த மூலைக்குப் போனாலும் திருச்செங்கோட்டு ரிக் ஒன்று நின்றுகொண்டிருக்கும். நாட்டுக்கே துளை போடக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்.) ராத்திரி முழுக்க இரைச்சல். 870 அடியில் தண்ணீர் பீய்ச்சியது. அப்பா கற்பூரம் ஏற்றினார். விடிந்தபோது வாழையிலை, மாட்டின் முதுகு, திண்ணை எல்லாவற்றிலும் வெள்ளைத் தூள்.

எங்களுக்குக் கிழக்கே ஒரு பெரியவருக்கு இரண்டு ஏக்கர், எழுபதடிக் கிணறு. மிளகாயும் சின்ன வெங்காயமும் போடுவார். இரண்டு வருடத்தில் அந்தக் கிணறு வற்றியது. எங்கள் ஆழ்குழாய்தான் அதைக் குடித்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. யாரும் கேட்கவும் இல்லை. அவரும் சண்டைக்கு வரவில்லை. ஒருநாள் வரப்பில் நின்று, 'எத்தனை இஞ்சு தண்ணீர்?' என்று மட்டும் கேட்டார். ஆழ்குழாயில் வருகிற தண்ணீரை நம் பக்கம் இஞ்சுக் கணக்கில்தான் சொல்வோம். இரண்டு இஞ்சு என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அவரால் ரிக் வைக்க முடியாது, கடன் கொடுக்கவும் ஆள் இல்லை. பிறகு நிலத்தை விற்றுவிட்டு ஒரு நூல் மில்லில் இரவுக் காவலுக்குப் போனார். அந்த இரண்டு ஏக்கரை விலைக்குக் கேட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

ஏற்றத்தாழ்வு என்று நான் எழுதியது இதைத்தான். ஏழையை வறட்சி கூடுதலாக அடிக்கிறது என்பது பாதிக்கதை. வறட்சியிலிருந்து தப்பிக்க நாங்கள் போட்ட துளை அவர் கிணற்றுக்கு அடியில் போனது என்பது மீதிக்கதை. நகரத்திலும் இதேதான். ஏசி அறையைக் குளிர்விக்கிறது, சூட்டைச் சந்துக்குள் தள்ளுகிறது. திருப்பூரில் சிமென்ட் அட்டை போட்ட லைன் வீடுகளில், இரண்டு ஷிப்ட் ஆட்கள் மாறி மாறிப் படுக்கிற அறைகளில், அந்தச் சூடு போய் இறங்குகிறது.

விவசாயத்துக்குக் கொடுக்கிற இலவச மின்சாரத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடியபோது 1970இல் திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தின் பலனை உண்டு வளர்ந்த குடும்பம் எங்களுடையது. ஆனால் அந்த மின்சாரம் மோட்டாரின் குதிரைத்திறனுக்கு ஏற்றபடிதான் பாய்கிறது. ஆழத்திலிருந்து இழுக்கிறவருக்கு அதிகம், மேலோட்டமாக இறைக்கிறவருக்குக் குறைவு, மோட்டாரே இல்லாதவருக்கு ஒன்றுமில்லை. 2017இன் வறட்சி நிவாரணமும் அப்படித்தான். பாசனப் பயிருக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய். ஏக்கர் இல்லாதவருக்கு நூறு நாள் வேலையை 150 நாளாக்கினார்கள், அதே வெயிலில் மண் வெட்ட.

உங்கள் அறுபத்தெட்டு மரத்திலும் ஏறிக் காய் பறித்தவர் ஒருவர் இருந்திருப்பார். நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறவர். மரம் பட்டபோது உங்களுக்கு மரமும் கடனும் பட்டாவும் மிஞ்சின, அவருக்கு வேலையே போனது. உங்கள் கடிதத்தில் அவர் இல்லை. என் கட்டுரையிலும் இல்லை, அதனால் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

சாதியை ஏன் இழுக்கிறேன் என்கிறீர்கள். காடு யாருக்கு, தோட்டம் யாருக்கு என்பதை மழை முடிவு செய்யவில்லையே. பண்ணையத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்த அருந்ததியர் பெயரில் எத்தனை கிணறுகள் இருக்கின்றன என்று உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள். கை விரல்கள் மிஞ்சும்.

அமெரிக்காக்காரனைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு இந்தியரின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு, ஒரு அமெரிக்கரின் பங்கு சுமார் 14 டன். உலகின் பெரும் பணக்காரர்களான 1 சதவீதம் பேர் 2019இல் வெளியிட்டது, அடிமட்டத்து 66 சதவீதம் பேர் வெளியிட்டதற்குச் சமம் என்று ஆக்ஸ்ஃபாம் 2023இல் கணக்கிட்டது. நாம் இதைச் சொல்லி நியாயம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த 2 டன் ஒரு சராசரி. கட்டணமில்லாப் பேருந்தில் வெங்காயம் அறுக்கப் போகிற அம்மாவின் பங்கையும், கோவைக்குக் காரில் போய்வருகிற என் பங்கையும் கூட்டி வகுத்தது. வெளியே போனால் அவர் கணக்கைக் காட்டி நியாயம் கேட்கிறேன், ஊருக்குள் வந்ததும் என் கணக்கை மறைத்துக்கொள்கிறேன். இது எனக்கு உறுத்துகிறது.

2016 வறட்சி முழுவதையும் புவி வெப்பத்தின் தலையில் கட்ட மாட்டேன். பஞ்சம் நமக்குப் புதிதல்ல. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தை ஏந்தும். மண்ணிலிருந்து வேகமாக உறிஞ்சும், கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். பாறைப் பூமியில் ஒரு மணி நேரத்தில் கொட்டுகிற மழை ஓடையில் போய்விடும், கிணற்றுக்கு இறங்காது. ஆகவே ரிக் வண்டிகளுக்கு வேலை குறையப் போவதில்லை.

எங்கள் மேற்கே நாற்பது ஏக்கர்காரர் ஒருவர் போன மாசியில் 1,400 அடி போட்டிருக்கிறார். எங்கள் 1,050 அடியில் இப்போது கம்ப்ரசர் வைத்து ஏற்றினால் அரை மணி நேரம் வருகிறது, பிறகு காற்றுதான். சென்ற வாரம் அவரை வரப்பில் பார்த்தேன். சண்டை போடவில்லை. எத்தனை இஞ்சு தண்ணீர் என்று கேட்டேன்.