புதுச் சபை தொடங்க முதலில் வேண்டியது இடமா, பணமா?

"லுத்தரன் போதகர் ஒருவர் புதிய சபைகளைத் தொடங்குவதையே வாழ்நாள் ஊழியமாகச் செய்ய முடியுமா? முதலில் இடம் வேண்டுமா, பணம் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஹென்றி மெல்கியோர் முலென்பர்க் அப்படி வாழ்ந்தவர். நான் தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் சபையில் வளர்ந்தவன். எங்கள் ஊருக்கு ஐயர் (போதகரை அப்படித்தான் சொல்வோம்) மாதம் ஒருமுறை வந்து திருவிருந்து கொடுப்பார். மற்ற ஞாயிறெல்லாம் ஆராதனை நடத்துவது குருப்பட்டம் பெறாத உபதேசியார்தான். அதனாலோ என்னவோ, முலென்பர்க்கைப் பற்றிப் படித்தபோது அந்நியராகவே தெரியவில்லை. தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் படித்த ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்துதான் இவரையும் அனுப்பினார்கள், அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கு.

அங்கே ஜெர்மன் குடியேறிகள் ஏற்கெனவே இருந்தார்கள், ஆனால் முறையான போதகர் இல்லை. பிலடெல்பியா, நியூ ஹானோவர், பிராவிடன்ஸ் என்ற மூன்று சபையாரும் 1733-லேயே ஆள் அனுப்பிக் கேட்டார்கள். சம்பளத்துக்கு உறுதி கொடுங்கள் என்றது ஹாலே. முதலில் ஆளைப் பார்க்கிறோம் என்றார்கள் இவர்கள். இந்த இழுபறியில் ஒன்பது வருடம் போனது! பணத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதிலேயே இருக்கிறது: பணம் முடிவாகட்டும் என்று காத்திருந்தால் வருடங்கள்தான் போகும்.

1742 நவம்பரில் அவர் வந்து இறங்கியபோது, போதகர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களிடம் ஏற்கெனவே ஏமாந்திருந்த சபையார் இவரையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். பிராவிடன்ஸில் முதல் பிரசங்கம் ஒரு களஞ்சியக் கொட்டகையில். அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வாத்தியார் கிடைக்கவில்லை என்று தானே பள்ளிக்கூடம் நடத்தினார். பதினேழு, இருபது வயதுப் பையன்கள் அரிச்சுவடியோடு வந்து உட்கார்ந்தார்கள். மூன்று ஊருக்கும் குதிரையில் மாறி மாறிப் போய்வந்தார். மறுவருடமே பிராவிடன்ஸ்காரர்கள் கோயில் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

1748-இல் சிதறிக்கிடந்த சபைகளின் போதகர்களையும் பிரதிநிதிகளையும் கூட்டிப் பென்சில்வேனியா மினிஸ்டீரியம் என்ற அமைப்பை உருவாக்கினார். அந்தக் கூட்டத்திலேயே, அதுவரை உபதேசியாராக இருந்த ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். புதுச் சபைகளுக்கு ஆளை எப்போதும் கடல் தாண்டியே வரவழைக்க முடியாது, இல்லையா?

ஆகவே இடம் தேடுமுன் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். யாரும் இல்லையென்றால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

முலென்பர்க் 1787-இல் இறந்தார். பிராவிடன்ஸ் இப்போது டிராப் என்ற ஊர். அவர் காலத்துக் கோயில் அங்கே இன்னும் நிற்கிறது; பக்கத்திலேயே அவர் கல்லறை.