300 பவுண்டில் ஓர் ஆல்பம்

கேள்வி: ஹார்ட்-ஃபை என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் முதல் ஆல்பம் வெறும் 300 பவுண்டு செலவில் பதிவானது என்கிறார்கள். இது உண்மையா? அப்படியானால், பெரிய ஸ்டூடியோக்கள் எதற்கு?

பதில்: அந்த ஆல்பத்தைப் பற்றி எழுதுவோர் எல்லோரும் குறிப்பிடும் தொகை அதுதான். 2005 ஜூலையில் வெளியான 'ஸ்டார்ஸ் ஆஃப் சிசிடிவி', லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஸ்டெயின்ஸ் என்னும் ஊரில், மூடிக் கிடந்த ஒரு வாடகைக் கார் அலுவலகத்தில் உருவானது. மணிக்கணக்கில் வாடகை ஏறும் ஸ்டூடியோவில் ஒரு பாட்டைப் பத்து முறை மாற்றிப் பாடிப் பார்க்கத் தயங்குவார்கள். சொந்த அறையில் அந்தத் தயக்கம் இல்லை. ஆனால் குழுவினரின் உழைப்புக்குக் கூலி போட்டால் 300 பவுண்டு எந்த மூலைக்கு?

எனக்கு வியப்பளிப்பது செலவுக் குறைவைவிட, அந்த அறைக்கும் பாட்டுக்கும் இருக்கும் பொருத்தம்தான். பாடகரும் பாடல்களை எழுதியவருமான ரிச்சர்ட் ஆர்ச்சர், கையில் காசில்லாத புறநகர் இளைஞனின் வாழ்க்கையையே பாடுகிறார். 'கேஷ் மெஷின்' பாட்டில் ஏடிஎம் முன்னால் நிற்பவனின் கணக்கில் பணமில்லை. 'லிவிங் ஃபார் தி வீக்எண்ட்' வாரம் முழுதும் உழைத்து, விடுமுறை இரவுக்காகக் காத்திருப்பவனின் பாட்டு. 'கேஷ் மெஷின்' பாட்டில் ஒலிக்கும் மெலோடிக்காவை, அதாவது வாயால் ஊதி வாசிக்கும் அந்தச் சின்னஞ்சிறு கீபோர்டை, பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குவோரும் உண்டு; ரெகேயிலிருந்து பிறந்த, மெலோடிக்காவுக்கு முக்கிய இடம் தரும் ஜமைக்காவின் டப் இசையை அறிந்தவர்கள் அப்படி ஒதுக்கமாட்டார்கள்.

கேள்வி: அப்படியானால், பணமே இல்லாமல் வெற்றி பெற்ற ஆல்பம் என்று இதைச் சொல்லலாமா?

பதில்: சொல்ல முடியாது. பதிவு செய்யத்தான் பணம் தேவைப்படவில்லை. நெசசரி என்ற சிறிய இசை வெளியீட்டு நிறுவனத்தோடு தொடங்கிய குழுவை அட்லாண்டிக் என்ற பெரிய நிறுவனம் சேர்த்துக்கொண்ட பிறகே ஆல்பம் நாடெங்கும் பரவியது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குப் பிரிட்டனில் தரப்படும் மெர்க்குரி விருதின் 2005-ஆம் ஆண்டு இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது. விருது ஆண்டனி அண்ட் தி ஜான்சன்ஸ் குழுவுக்குப் போயிற்று. ஆல்பம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைத் தொட்டதோ 2006 ஜனவரியில், அதாவது வெளியாகி ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து. அத்தனை மாதங்கள் அதைக் கடைகளிலும் வானொலியிலும் உயிரோடு வைத்திருந்த செலவு அந்த 300 பவுண்டுக் கணக்கில் வராது.